ஊருக்குச் சொன்ன அல்சர்

எனக்கு வந்தது அல்சர் இல்லை. திருப்போரூரில் எங்கள் தெருவில் தொடங்கி நாவலூரில் குடியிருக்கும் தூரத்துச் சொந்தம் வரை ஒரு அறுபது எழுபது பேருக்காவது அல்சர் என்று சொல்லியிருக்கிறோம். நானும் என் வாயால் சொல்லியிருக்கிறேன். அது பொய். என் இரைப்பையில் மூன்று கட்டிகள் இருந்தன. இளவயதில் மிக அபூர்வமாக வருகிற ஒரு வகைப் புற்றுநோய். இரைப்பையில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்துவிட்டார்கள். மீதியை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அந்தப் பொய்யால் என் சித்தப்பா மகள் பவித்ராவுக்கு என்ன ஆனது என்பதையும் எழுதியாக வேண்டும். உண்மையில் அதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. மனை விற்கும் ஆபீஸ் ஒன்றில் போன் பேசும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் இலவச வேனில் வந்து இறங்குகிறவர்களுக்கு மனையைச் சுற்றிக் காட்டவும் வேண்டும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பிறகு தலை வாரிக்கொண்டாலே மூச்சு வாங்கியது. முகம் வெளுத்துப்போனது. வெளுத்த முகத்தைக் கண்டால் நம் ஜனங்களுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு சுறுசுறுப்பு வருமோ தெரியாது. ஆளுக்கொரு வைத்தியத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரி பேரீச்சம்பழம் என்றாள். எதிர்வீட்டுக்காரர் பீட்ரூட் என்றார். எல்லாவற்றுக்கும் பரோட்டாதான் காரணம் என்று அவரே இன்னொரு நாள் சொன்னார். நான் பரோட்டா சாப்பிட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் மேனேஜர் தன் பங்குக்கு, "கொஞ்சம் பவுடர் போட்டுகினு வாம்மா சுகந்தி, கஸ்டமருங்க பேய் மாரி பாக்கறாங்க" என்றார். என் சித்தி, அதாவது பவித்ராவின் அம்மா, "ஒரு கல்யாணத்த பண்ணி வெச்சா எல்லாம் சரியாப் பூடும்" என்றாள். தாலி கட்டினால் ரத்தம் ஊறும் என்று எந்தக் கல்லூரியில் பாடம் நடக்கிறதோ, அங்கே போய்ச் சேர்ந்து படிக்கலாம் போல இருந்தது.

என் அம்மா மட்டும் எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் கறிக்கடை வாசலில் போய் நின்றாள். சுவரொட்டி வாங்குவதற்கு. சுவரொட்டி என்றால் ஆட்டின் மண்ணீரல். ரத்தம் ஊறும் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் என்பதால் முதலில் போகிறவர்களுக்குத்தான் கிடைக்கும். மிளகு போட்டு வறுத்து என் தட்டில் வைத்துவிட்டு, எனக்குப் பிடிக்காது என்று சொல்லி அம்மா வெறும் ரசத்தோடு சாப்பிடுவாள். சுவரொட்டி அம்மாவுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு வைத்தியத்தை நான் கேலி செய்ய மாட்டேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். மாமல்லபுரத்துக்கு வருகிற டூரிஸ்டுகளுக்கு வேன் ஓட்டுகிறார். அவர்தான் என்னை ஊரில் பேர்போன ஒரு நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப்போனார். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். டாக்டர் என்னை இரண்டு நிமிஷம் பார்த்தார். அந்த இரண்டு நிமிஷத்திலும் பாதி அவர் போனைத்தான் பார்த்தார். ரத்தச் சோதனையில் ஹீமோகுளோபின் ஏழு என்று வந்தது. குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டும். "இந்தக் காலத்துப் பொண்ணுங்க எங்க ஒழுங்கா சாப்பிடறாங்க" என்று நைனாவிடம் சொல்லிவிட்டு, அயர்ன் மாத்திரையும் கேஸ் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். "மாத்திரையால வெளிக்கு கறுப்பா போகும், பயப்படாதீங்க" என்றும் சொன்னார்.

அங்கேதான் நான் ஏமாந்தேன். அயர்ன் மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுத்துப் போவது உண்மைதான். ஆனால் இரைப்பைக்குள் ரத்தம் கசிந்தாலும் மலம் கறுத்துத்தான் போகும். சிவப்பாக வராது. வயிற்றின் அமிலம் பட்டு ரத்தம் கறுத்துவிடும். தார் மாதிரி பிசுபிசுப்பும் ஒரு கெட்ட நாற்றமும் இருக்கும். மாத்திரையால் வருகிற கறுப்பில் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருக்காது. எனக்கு மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்பே மூன்று மாதமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. நைனா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அதை எடுத்துச் சொல்ல எனக்கு வெட்கம். படித்த பெண் என்று பேர். உயிர் சொட்டுச் சொட்டாகக் கழிவறையில் போய்க்கொண்டிருந்தபோது நான் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

திருக்கழுக்குன்றம் போகிற வழியில் ஒரு மனைப்பிரிவு. அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு குடும்பத்துக்குக் கிழக்குப் பார்த்த மூலை மனையைக் காட்டிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தேன். கண் விழித்தபோது தலையை அளவுக்கல்லின் ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். முகத்தில் தண்ணீர். அந்தக் குடும்பத்துப் பெரியவர் எங்கள் டிரைவரிடம், "தண்ணி எத்தினி அடில கீது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்த மனையில் வந்ததும் ஒரு பெண் விழுந்துவிட்டாளே, வாஸ்து சரியில்லையோ என்று அவர் மனைவி கவலைப்பட்டாள். என் பக்கம் குனிந்து பார்த்தது அவர்கள் வீட்டுக் குழந்தை மட்டும்தான்.

அதன் பிறகு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கோப் பார்த்தார்கள். வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை இறக்கி இரைப்பைக்குள் பார்ப்பது. தொண்டையை மரத்துப்போகச் செய்ய ஒரு கசப்பு மருந்தை அடிப்பார்கள். குழாய் உள்ளே போகும்போது குமட்டிக்கொண்டே இருக்கும். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். உள்ளே ஒரு புண் இருப்பதாகச் சொல்லி, மேலாகக் கொஞ்சம் சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள். அல்சர் என்று வந்தது. ஆக, முதல்முறை அல்சர் என்று நாங்கள் சொன்னது பொய் இல்லை. ஆனால் இந்தக் கட்டி இரைப்பையின் உள்தோலில் வருவதில்லை, அதற்கு அடியில் இருக்கும் சுவரில் வருவது. மேலே மூடிய தோலைக் கிள்ளினால் தோல்தான் கிடைக்கும். தோல் என்ன கட்டியைக் காட்டிக்கொடுக்குமா. ஒன்றரை மாதம் அல்சர் மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கினேன். ஹீமோகுளோபின் ஐந்துக்கு வந்தது.

சித்தப்பாதான் அதற்கு மேல் பொறுக்கவில்லை. அவர் மனை புரோக்கர். நல்ல தாட்டியான ஆள், ஊரில் நாலு பேரைத் தெரியும். "இன்னா அண்ணாத்த, பொண்ணு செத்துகினு கீது, நீ மாத்திர மாத்திரன்னு உக்காந்துகினு கீறியே" என்று நைனாவைத் திட்டி, என்னை வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எனக்கு ஏற்றிய நாலு பாட்டில் ரத்தத்துக்கு ஈடாக, அவரும் ஆள் சேர்த்துக்கொண்டு போய் ரத்தம் கொடுத்தார். அங்கே இருந்த பதினெட்டு நாளில் பதினோரு ராத்திரி வராந்தாவில் செய்தித்தாளை விரித்துப் படுத்திருந்தார். பின்னால் அவரைப் பற்றி நல்லபடியாக எழுதப்போவதில்லை. அதனால் இதை முன்பே எழுதிவிடுகிறேன்.

அங்கே என்னைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். எந்த ரிப்போர்ட்டையும் திறக்கவில்லை. நைனாவையும் சித்தப்பாவையும் வெளியே நிற்கச் சொன்னார்.

"வெளிக்கு என்ன கலர்ல போகுது?"

"கறுப்பா போவுது மேடம். மாத்திரையாலன்னு சொன்னாங்க."

"மாத்திரைக்கு முன்னாடி?"

"அப்பவும் கறுப்புதான்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"யாரும் கேக்கல மேடம்."

அவர் பேனாவை மூடினார். எட்டு மாதத்தில், இரண்டு இடத்தில் ஃபீஸ் கட்டியும் கிடைக்காத கேள்வி அது. காசு வாங்காதவர் கேட்டார்.

அடுத்து சிடி ஸ்கேன். கையில் ஒரு மருந்தை ஏற்றுவார்கள், உடம்பெல்லாம் சூடு பரவி, படுத்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டோமோ என்று தோன்றும். போயிருக்க மாட்டோம். எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றுமாம், முன்பே சொல்லியிருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன். ஸ்கேனில் ஒரு எலுமிச்சை அளவுக்கு ஒன்று, சின்னதாக இரண்டு, மொத்தம் மூன்று கட்டிகள் தெரிந்தன. திரும்பவும் ஸ்கோப். இந்தத் தடவை அதன் நுனியிலேயே ஸ்கேன் கருவியும் ஊசியும் இருந்தன. தோலைத் தாண்டி, சுவருக்குள் ஊசியைச் செலுத்திக் கட்டியிலிருந்தே சதை எடுத்தார்கள். முடிவு வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த இரண்டு வாரம் வார்டில் காத்திருந்தேன். பக்கத்துக் கட்டில் அம்மாளுக்குப் பித்தப்பையில் கல். தினமும் காலையில் என்னிடம், "உனுக்கு இன்னான்னு தெர்ஞ்சிதா?" என்று கேட்பாள். இல்லை என்றால், "எனக்குக் கல்லு" என்று பெருமையாகச் சொல்லுவாள். பெயர் தெரிந்த நோய் வைத்திருப்பதில் அவளுக்கு ஒரு கர்வம். அம்மா கட்டிலுக்கடியில் பாய் போட்டுப் படுத்திருந்தாள். நான் புரண்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அதனால் நான் புரளாமல் படுக்கப் பழகிக்கொண்டேன்.

முடிவு வந்த அன்று எங்கள் நாலு பேரையும் டாக்டரம்மா உட்காரவைத்துப் பேசினார். நைனா, அம்மா, சித்தப்பா, நான்.

"இரைப்பையோட சுவர்ல, அதை அசைய வைக்கறதுக்குன்னே சில செல்கள் இருக்கு. அதுலேருந்து வர்ற கட்டி இது. ஜிஸ்ட்னு சுருக்கமா சொல்லுவோம். பொதுவா அம்பது வயசுக்கு மேலதான் வரும். இவ வயசுல வர்றது வேற ரகம், ரொம்ப அபூர்வம், பெரும்பாலும் பொண்ணுங்களுக்குத்தான். நல்ல விஷயம், இது மெதுவா வளரும். கெட்ட விஷயம், பெரியவங்களுக்குக் கேக்கற மாத்திரை இதுக்கு அவ்வளவா கேக்காது. ஆபரேஷன்தான்."

"கேன்சரா மேடம்?" என்றார் நைனா.

"ஆமா. ஆனா நாளைக்கே ஒண்ணும் ஆயிடாது. எடுத்துட்டு வருஷா வருஷம் பாத்துகிட்டே இருக்கணும்."

நான் பிழைப்பேனா என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். சித்தப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வெளிய இன்னான்னு சொல்றது மேடம்?" என்றார்.

டாக்டரம்மாவுக்கு அந்தக் கேள்வி புரியவே கொஞ்ச நேரம் ஆனது. எனக்கு உடனே புரிந்தது. வீட்டில் கேன்சர் என்று தெரிந்தால் பெண் எடுக்க எவன் வருவான். எனக்கு இல்லாவிட்டாலும் பவித்ராவுக்கு. அவளுக்கு இருபது வயது, வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் புதிதல்ல. வலிப்பு வந்தால் மயக்கம் என்பார்கள். டிபி வந்தால் சளி என்பார்கள். பைத்தியம் பிடித்தால் பயந்துவிட்டாள் என்பார்கள். கேன்சருக்கு அல்சர் கைவசம் தயாராக இருந்தது. காகிதத்திலேயே ஒருமுறை எழுதிக் கொடுத்ததுதானே. திரும்பும்போது வேனிலேயே பேசி முடித்துவிட்டார்கள். நான் பின்சீட்டில் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டு வந்தேன், வாயைத் திறக்கவில்லை.

மாசி மாதம் ஆபரேஷன். காப்பீட்டு அட்டை இருந்ததால் வீடு தப்பியது. கண் விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், வயிற்றில் ஒரு குழாய், மார்புக்குக் கீழிருந்து தொப்புள் வரை தையல். ஐந்தாம் நாள் ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தார்கள். இன்று வரை அதைப்போல ருசியான எதையும் நான் சாப்பிட்டதில்லை. பிறகு அரை டம்ளர் கஞ்சி. இரைப்பை சின்னதாகிவிட்டதால் சாப்பாடு சட்டென்று குடலுக்குள் இறங்கிவிடும். இனிப்புச் சாப்பிட்டால் வேர்த்துக்கொட்டித் தலை சுற்றும். ஆறு வேளை, கைப்பிடி அளவு சாப்பிட வேண்டும். நைனா மாமல்லபுரத்தில் ஒரு கடையில் வெள்ளைக்காரர்கள் காரம் தொட்டுக்கொள்கிற கிண்ணம் போல ஆறு சின்னக் கிண்ணங்கள் வாங்கிவந்தார். சாப்பாடு கம்மியாகத் தெரியக்கூடாது, கிண்ணம் ரொம்பியிருக்க வேண்டும் என்றார். மனுஷன் அதைத் தவிர வேறெதுவும் அந்த மாதத்தில் பேசியதாக நினைவில்லை.

பார்க்க வந்தவர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை பூர்த்தியாகாது. இரைப்பை வெட்டியவளுக்கு ஒரு கிலோ ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஒரு வீட்டிலிருந்து மைசூர்பாக்கு. வந்து உட்கார்ந்ததும் அல்சர் வைத்தியம் தொடங்கும். "எங்க மச்சானுக்கும் அல்சர்தான், வெறும் பூசணிக்கா சாறுலயே ஓடிப்போச்சி" என்றார் ஒருவர். "அல்சருக்கா இம்மாம் பெரிசு கிழிச்சிகீறாங்க?" என்று ஒரு கிழவர் தையலைப் பார்த்துக் கேட்டார். வந்ததில் அவர் ஒருவருக்குத்தான் மூளை இருந்தது. சித்தி அவரை வாசல் வரை வழியனுப்பிவிட்டாள். கேட்கிறவன் கேனையன் என்றால் எருமைமாடு ஏரோப்ளேன் ஓட்டும் என்பார்கள். அறுபது பேருக்கு நாங்கள் ஓட்டிக்காட்டினோம். நானும் தலையாட்டினேன். ஆமாங்க, அல்சர். இப்ப பரவால்லீங்க.

இந்த ரகக் கட்டி சில குடும்பங்களில் ரத்தத்தில் வழிவழியாக வரும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். என் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அதற்குள் சித்தி என் அம்மாவிடம், "ஒங்க பக்கத்துல யாருக்காச்சும் இருந்துதாக்கா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தாள். சித்தப்பாவும், "எங்க வம்சத்துல எவனும் வயித்த புடிச்சிகினு படுத்ததில்ல" என்று நாலு பேர் நடுவில் சொன்னார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு கஞ்சி காய்ச்சினாள். எனக்கு வந்த நோயை அம்மாதான் தாய்வீட்டுச் சீராகக் கொண்டுவந்தாள் என்பது போல ஆகிவிட்டது.

சித்திரை மாதம் முடிவு வந்தது. எனக்கு இருந்தது பிறவிக் கோளாறு. பிறகு அம்மா, நைனா இருவருக்கும் பார்த்தார்கள். அம்மாவிடம் இல்லை. நைனாவிடம் இருந்தது. இருக்கிற எல்லோருக்கும் கட்டி வராது, நைனாவுக்கு இந்த வயது வரை எதுவும் இல்லை. ஆனால் நைனாவிடம் இருந்தால் கூடப்பிறந்த சித்தப்பாவிடம் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவரிடம் இருந்தால் பவித்ராவிடம் இருக்கவும் பாதிக்குப் பாதி. ரத்த சொந்தம் எல்லோரும் வந்து சோதனை செய்துகொள்ள வேண்டும், இளவயதுப் பெண்கள் முதலில், என்று டாக்டரம்மா ஒரு கடிதம் எழுதி என் ஃபைலில் வைத்தார். "இன்னிக்கே சொல்லிடுங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

அன்று சாயங்காலமே சொன்னோம். சித்தப்பாவிடமும் சித்தியிடமும். பவித்ரா காலேஜிலிருந்து வந்திருக்கவில்லை. சித்தப்பா கடிதத்தை இரண்டு தடவை படித்தார். முகம் செத்துப்போயிற்று. வம்சத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை.

"நாவலூர் மாப்ள வூட்ல பேசி முடிக்கிற நேரம்" என்றார். "இப்ப போயி ரத்தம் எடுத்தா வெளிய தெர்ஞ்சிரும். கல்யாணம் முடியட்டும். அப்பறம் நானே கூட்டிகினு போறேன்."

"அவளுக்குத் தெரிய வேணாமா சித்தப்பா?" என்றேன்.

"அவகிட்ட சொன்னா அழுதே ஊரக் கூட்டிரும். சுகந்தி, உனுக்காக நான் இன்னா செய்யல, சொல்லு. எனக்காக இது ஒண்ணு செய்."

வராந்தாவில் விரித்த செய்தித்தாள் எனக்கு நினைவுக்கு வந்தது. நைனா தரையைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். சரி என்றேன். ஃபைலை எங்கள் வீட்டு பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன்.

ஆவணியில் நிச்சயதார்த்தம். மாமல்லபுரத்துக்கு முன்னால் கடற்கரையோரம் ஒரு மண்டபம். பவித்ரா மேக்கப்போடு வந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் அத்தை அவள் கன்னத்தைத் தொட்டு, "பொண்ணு நல்லா கலராகீது, போட்டோல பாத்தத விட" என்றாள். கேமராக்காரனும் லைட்டைக் குறைக்கச் சொன்னான், அவ்வளவு கலர். சித்திக்கு வாயெல்லாம் பல். குங்குமப்பூப் பால் கொடுக்கிறேன் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். பவித்ரா பிறந்ததிலிருந்து மாநிறம். அவள் கீழிமையும் நகமும் வெளுத்திருந்ததை நான் பார்த்தேன். அந்த நிறம் எனக்குத் தெரியும். கண்ணாடியில் எட்டு மாதம் பார்த்த நிறம். ரத்தம் இல்லாத பெண்ணை அழகு என்று மெச்சிக்கொண்டிருந்த அந்த மண்டபத்தில், அந்த வெளுப்பு என்ன என்று கண்டுகொண்டவள் நான் ஒருத்திதான். நான் மேடையிலிருந்து இறங்கிப்போய், எனக்கென்று எடுத்துவந்த கைப்பிடிச் சோற்றைச் சாப்பிட்டேன்.

சித்தப்பாவிடம் மறுநாள் சொன்னேன், "வெளுத்திருக்கா சித்தப்பா" என்று. "கல்யாணப் பொண்ணு, தூங்காம இருக்கும்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. சொன்னேன் என்று என் மனசுக்கு ஒரு கணக்குக் காட்டியாகிவிட்டது.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் பவித்ரா எங்கள் வீட்டுக்கு வந்தாள். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் அம்மா கடைக்குப் போயிருந்தாள்.

"அக்கா, நீ சாப்ட்டுகினு இருந்தியே, அல்சர் மாத்திர, அது பேரு இன்னா?"

"எதுக்குடி?"

"எனக்கும் அதுதான்னு நெனக்கறேன். மேல் வயிறு ஒரு மாரி கீது. வெளிக்கு வேற கறுப்பா போவுது. அம்மா ரத்தத்துக்கு மாத்திர குடுக்குது, அதாலன்னு சொல்லுது. டாக்டராண்ட போனா கல்யாண நேரத்துல பேஜாரு. நீ பேர சொல்லு, நானே மெடிக்கல்ல வாங்கிக்கறேன். ஒனக்கு முத்திப் போனதாலதான ஆபரேஷன், எனக்கு மாத்திரையிலயே சரியாப் பூடும்ல?"

நாங்கள் சொன்ன பொய் வேலை செய்திருந்தது. அறுபது பேரோடு அவளும் நம்பியிருந்தாள்.

உட்காரவைத்துச் சொன்னேன். எனக்கு அல்சர் இல்லை, கேன்சர் கட்டி, அது நம் குடும்பத்து ரத்தத்தில் இருக்கிறது, உனக்கும் இருக்கலாம். அவள் அழவில்லை. ஊரையும் கூட்டவில்லை. "செங்கல்பட்டுக்கு இப்ப பஸ் கீதா?" என்று மட்டும் கேட்டாள். துப்பட்டாவை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். திருக்கழுக்குன்றம் வரும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சித்தப்பாவுக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த பிறகுதான் போன் செய்தேன்.

அவள் இரைப்பையில் ஐந்து கட்டிகள். ஒன்று மேலே, சாப்பாடு இறங்குகிற வாய்க்குப் பக்கத்தில். அதனால் கொஞ்சம் விட்டுவைக்க வழியில்லை, முழு இரைப்பையையும் எடுத்துவிட்டார்கள். உணவுக்குழாயைக் குடலோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். கல்லீரலில் சின்னதாக ஒரு புள்ளியும் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சித்தப்பாவுக்கு ரத்தச் சோதனையில் எதிர்பார்த்தபடியே வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். கலர் என்று நினைத்தோம், நோயாமே என்று அந்த அத்தை யாரிடமோ குறைபட்டாளாம். வேறொரு பெண்ணை வெளிச்சம் போட்டுப் பார்க்கப் போயிருப்பாள்.

டாக்டரம்மாவிடம் தனியாகப் போய்க் கேட்டேன். "சித்திரைலயே பாத்திருந்தா மேடம், இம்மா தூரம் வந்திருக்காதா?"

"தெரியலம்மா. மெதுவா வளர்றதுதான். மேல இருந்த கட்டி அப்பவும் இருந்திருக்கலாம். கல்லீரல்ல இருக்கறது எப்ப வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"இல்லாம இருந்திருக்கலாமா?"

"இருந்திருக்கலாம்" என்றார். அவர் சமாதானம் சொல்லுகிற ரகம் இல்லை.

ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள். சித்தி மாற்றுத் துணி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். நான் பவித்ராவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர்கள் ஒத்துப்பார்க்கக் கேட்டதால் என் பழைய ஃபைல் அவள் கட்டிலின் ஓரத்தில் இருந்தது. பொழுதுபோகாமல் எடுத்துப் புரட்டினாள். அந்தக் கடிதத்தில் நிறுத்தினாள். மெதுவாகப் படித்தாள். மேலே இருந்த தேதியை விரலால் தொட்டாள்.

"இது சித்திரைல குடுத்தது."

"ஆமா."

"நீ என்னாண்ட சொன்னது கார்த்திகைல."

"ஆமா."

"நிச்சயதார்த்தம் அப்பவும் ஒனக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

கடிதத்தை எடுத்த இடத்திலேயே வைத்து, கிளிப்பைச் சரிசெய்து, ஃபைலை மூடினாள். பிறகு, "தண்ணி குடுக்கா" என்றாள். ஸ்பூனால் கொடுத்தேன். நாலு ஸ்பூன்தான் கொடுக்கலாம், நாலாவதை முழுங்கிவிட்டுப் போதும் என்று கையைக் காட்டினாள். திரும்பிப் படுக்க முடியாததால் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. இப்போது கைப்பிடிச் சோறு சாப்பிடுகிறாள். எந்த இனிப்பு தாங்கும், எது தாங்காது என்று என்னிடம்தான் கேட்கிறாள். ஸ்கேனுக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் போய் வருகிறோம். அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். நான் இதில் எத்தனை பேரை ஏசியிருக்கிறேன் என்று திரும்பப் படித்துப் பார்த்தேன். ஒருவரைக்கூட விடவில்லை. அவள் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை.